பிரேக் லைனில் காற்று

"அமுக்குங்க, இன்னொரு தரம், இன்னொரு தரம், இப்போ அமுக்கிப் பிடிங்க, நான் சொல்லுற வரைக்கும் காலை எடுக்காதிய." வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்து கத்துகிறேன். மேலே டிரைவர் சீட்டில் இருக்கிற என் வீட்டுக்காரர் தொம்மை, "பிடிச்சிருக்கேன்ட்டி, கத்தாத" என்கிறார். பத்தாம் நம்பர் ஸ்பானரை நிப்பிளில் போட்டுக் கால் திருப்பு திருப்புகிறேன், சின்ன டியூப் வழியாகப் பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் இறங்குகிறது, கொப்புளம் கொப்புளமாக. கொப்புளம் வந்தால் லைனுக்குள் இன்னும் காற்று இருக்கிறது, காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. இந்த வேலைக்கு இவ்வளவுதான் சூத்திரம், ஒருத்தர் மேலே அமுக்க வேணும், ஒருத்தர் கீழே திறந்து மூட வேணும், நாலு சக்கரத்திலும் செய்ய வேணும், பெடலுக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிக்க வேணும். பின்பக்கத்து இடது சக்கரம் இது, இன்னும் மூணு இருக்கிறது, மணி பத்து ஆகப் போகிறது. பன்னிரண்டு மணிக்குக் கோவிலில் மணி அடிக்கும்போது என் மகன் ரெக்சன் வருவான், கூடவே காயலான் கடை ஆளும் வருவான். இந்தப் பிக்கப்பைப் பழைய இரும்பாக எடைக்குப் போட மூணு வாரத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஆர்.சி. புத்தகம் இவர் பேரில் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன் என்று மகனிடம் வாக்குக் கொடுத்ததும் இவர்தான், இப்போது என் சொல்லுக்குப் பெடலை அமுக்குகிறதும் இவர்தான். கால் என் கட்சி, கை மகன் கட்சி. கேட்டால், "போற வண்டி நல்லபடியாப் போகட்டுமேன்னுதான்" என்கிறார், பிரேதத்தைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி. போகாது. எங்கே போகும்? நான் இந்த நாலு சக்கரத்தையும் முடித்து, சாவியைப் போட்டு, அவன்கள் கண் முன்னால் ஓட்டி, நிறுத்திக் காட்டுவேன். நிறுத்திக் காட்டினால் என்ன பேசுவான்? பேசுவான், "எம்மா, இது பழைய வண்டி" என்பான். அந்த வார்த்தை வந்ததும் ஸ்பானர் கையில் வழுக்குகிறது. "மூடிட்டேன், விடுங்க."

"பெடல் கெட்டியா இருக்கா?" என்று கேட்கிறேன். "இருக்கு" என்கிறார். அவர் இருக்கு என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். சர்க்கரை அவர் வலது காலில் ரெண்டு விரலைத் தின்றுவிட்டது, மிச்சப் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது, ஆணி ஏறினால் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். முப்பத்தைந்து வருசம் லாரி ஓட்டின கால் அது, பெடல் ஒரு நூல் இறங்கினாலும் சொல்லிவிடுகிற கால். இப்போது முட்டியில் கையை வைத்துப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் சொல்கிறார். தெரியலைட்டி என்று ஒரு வார்த்தை சொல்லலாம், சொல்லமாட்டார். நான் மட்டும் சொல்கிறேனாக்கும். பின்பக்கத்து வலது சக்கரத்துக்கு ஊர்ந்து போகிறேன், முதுகில் கல் குத்துகிறது, அறுபத்தொரு வயசு முதுகு, ஜாக்கி மேல் இருக்கிற வண்டி மூக்குக்கு ஒரு சாண் மேலே, அது இறங்கினால் நான் கருவாடு, இருக்கட்டும், கட்டை கொடுத்துத்தான் இருக்கிறேன். மேலே பார்க்கிறேன், எல்லாம் என் கைவேலை. மீன் ஏற்றின வண்டியை வாங்கினோம், ஐஸ் தண்ணியும் உப்பும் சொட்டிச் சொட்டி அடித்தட்டு அப்பளம் மாதிரி இருந்தது, வெட்டி எடுத்துத் தகடு வைத்தேன், தண்ணி சேசிஸில் படாமல் வெளியே போகத் தட்டுக்கு மூலையில் ஓட்டை போட்டுப் பைப் வைத்தேன், முட்டிவலிக்காரக் கூட்டாளி ஒருத்தி ஏற, ஒரு மீன்பிடிப் போட்டின் உடைந்த ஏணியில் ரெண்டு படியை வெட்டிக் கதவுக்குக் கீழே படி வைத்தேன். வெல்டிங் மட்டும் வெளி ஆள், மிச்சம் எல்லாம் போனில் ஒரு வடநாட்டுக்காரன் செய்கிறதைப் பார்த்து நான் செய்தது, அவன் பேச்சு விளங்காது, கை விளங்கும். "ஏட்டி பிரகாசி" என்று மேலேயிருந்து குரல் வருகிறது, "ஒண்ணு கேக்கணும்." கேளுங்க. "பிரேக் போச்சுன்னா ஒரு சக்கரத்து ரப்பர் கிழிஞ்சிருக்கும், இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கும். நீ எதுக்கு அத்தனை ரப்பரையும் மாத்தின, ஹோஸ் வரைக்கும்?" "புதுசா இருக்கட்டும்னுதான்" என்கிறேன். "எல்லாமுமா?" என்கிறார். "கலியாணத்துக்குச் சட்டை எடுத்தா வேட்டி எடுக்கமாட்டியளா? பழைய கைலியக் கட்டிக்கிட்டா போவிய?" சிரிக்கிறார். சிரித்துவிட்டார். அவர் சிரிப்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேன், மூணு வாரமாக இப்படித்தான் ஒவ்வொருத்தர் பேச்சுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டிருக்கிறேன். பட்டறைக்குக் கொடுக்கமாட்டேன், நானே செய்வேன் என்று நான் வீம்பு பிடித்ததை எல்லாரும் வீம்பு என்றே நினைத்தார்கள். பாதி வீம்புதான். மீதி, பட்டறைக்காரன் அந்த ரப்பரைக் கையில் எடுத்த உடனே கண்டுபிடித்துவிடுவான் என்கிற பயம். "அமுக்குங்க."

பாலத்து இறக்கம். எதை நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது, நிற்கவில்லை, அதுதானே சங்கதி. சந்தைக்குப் போகிற நாள், பின்னால் நாலு பொம்பளைகளுடைய கருவாட்டுக் கூடை, பக்கத்தில் சலேத்து, என்னோடு முப்பது வருசமாகக் கருவாடு விற்கிறவள். அவளுக்கு முட்டிவலி, அதனால் சீட்டு அவளுக்கு, மற்ற மூணு பேரும் பஸ். பஸ்ஸில் பொம்பளைக்கு டிக்கெட் கிடையாது, கருவாட்டுக் கூடைக்கு இடமும் கிடையாது. "ஆளு ஏறு, நாத்தம் ஏறக் கூடாது" என்று கண்டக்டர் சொல்லுவான், கூடையை இறக்கி ரோட்டில் வைப்பான், வஞ்சிரமும் சாளையும் வெயிலில் இன்னொரு தரம் காயும், நாங்கள் அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டுவோம், அவன் நிறுத்தாமலே போவான். எத்தனை வருசம். ஒரு நாள் சலேத்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு சேலையை மூடிப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்திருந்தாள், அறுபது வயசில். கண்டுபிடித்து இறக்கிவிட்டான், பஸ்ஸே சிரித்தது, அவளும் சிரித்தாள், இறங்கின பிறகு சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் வண்டி பழகப் போனேன், ஐம்பத்தேழு வயசில், டிரைவிங் ஸ்கூலில் என் பேத்தி வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று. இவர் கேலி பண்ணினார், "ஒனக்குக் கியரு எது கருவாடு எதுன்னு தெரியுமாட்டி" என்றார். தெரிந்துகொண்டேன். நாலு வருசம் ஓட்டினேன், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. பிறகு அந்தப் பாலம். சலேத்து தன் மருமகள் மீன் குழம்பில் சீனி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "சீனிட்டி, ஒரு கரண்டி சீனி, என் மவன் நக்கி நக்கித் திங்கான்" என்று சொல்லும்போது நான் பிரேக்கை அமுக்குகிறேன், கழிமுகத்துச் சேற்றில் கால் வைத்த மாதிரி பெடல் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, தரையில் முட்டுகிறது, எடுத்து மறுபடி அமுக்குகிறேன், சேறு. கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது அழுதது, பிடிக்கவில்லை. எதிரே ஒரு டீக்கடை, பெஞ்சில் மூணு பேர், ஒருத்தர் கிளாஸை வாய்க்குக் கொண்டு போகிறார், எனக்கு அந்தக் கிளாஸ் தெரிகிறது, அதில் பாலாடை தெரிகிறது. இடது பக்கம் உப்பளத்துக்காரர்கள் குவித்து வைத்த உப்பு, ஓலை போட்டு மூடின அம்பாரம். திருப்பினேன். வெள்ளை. சத்தமே இல்லை, ஒரு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், கண்ணாடி முழுக்க உப்பு, வாயெல்லாம் உப்பு, சலேத்து, "மாதாவே, என் தோளு" என்கிறாள். காறை எலும்பு முறிந்துவிட்டது. உப்பளத்து வாட்ச்மேன் ஓடி வந்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டி இல்லையா, பிரேக் எப்படிப் பிடிக்கும்" என்றார். வாயில் உப்போடு நான் தலையை ஆட்டினேன். அதுதான் முதல் தலையாட்டல்.

பழைய வண்டிதானே. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாள், ஆட்டினேன். ரெக்சன் சொன்னான், ஆட்டினேன். கட்டுப் போட்ட தோளோடு சலேத்துவே சொன்னாள், "ஒன்னையச் சொல்லி என்னட்டி, பழைய வண்டி" என்றாள், அப்போதும் என் தலை ஆடியது, என் கழுத்துக்கு வெட்கமே இல்லை. மறுநாள் காலையில், எல்லாரும் பூசைக்குப் போன நேரம் பார்த்து, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே ஆயில் ஊற்றுகிற டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு ஆயிலைத் தொட்டு, ஒரு பேசின் தண்ணியில் விட்டேன். பிரேக் ஆயில் தண்ணியோடு கலந்து கரைந்து போகும். இது கரையவில்லை. மேலே வட்டமாக மிதந்தது, வெயில் பட்டு நீலமும் பச்சையுமாக மினுங்கியது, பார்க்க அழகாக இருந்தது அந்தக் கண்ராவி. போட்டில் வலை இழுக்கிற விஞ்சுக்கு ஊற்றுகிற எண்ணெய். எங்கள் வீட்டில் எது மிஞ்சினாலும் குடித்து முடித்த கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம், மண்ணெண்ணெயும் கலர் பாட்டில், தேனும் கலர் பாட்டில், என் தம்பி போட்டுக்கு வாங்கின விஞ்சு எண்ணெயில் மிச்சம் ஒரு பாட்டில், வண்டிக்கு வாங்கின பிரேக் ஆயிலில் மிச்சம் ஒரு பாட்டில், ரெண்டும் அடுப்பு மேடைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில். சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தில் டப்பாவில் ஆயில் குறைவாக இருக்கிறதே என்று எடுத்து ஊற்றினேன். முகர்ந்து பார்த்திருக்கலாம். கருவாட்டுக்காரிக்கு மூக்கு ஏது? எனக்கும் இவர் பாதம் மாதிரித்தான், செத்து இருபது வருசம் ஆகிறது. அந்த எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் போகும், வடநாட்டுக்காரன் அதையும் காட்டியிருக்கிறான், நான் பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றினேன், எல்லாம் மழைக்காளான் மாதிரி உப்பி, ஓரம் சுருண்டு இருந்தன. காகிதத்தில் சுற்றிக்கொண்டுபோய் அலைத்தடுப்புக் கல்லுக்கு நடுவில் போட்டேன். போட்டுவிட்டு நாலு பக்கமும் பார்த்தேன், குழந்தையைப் போட்டவள் மாதிரி. லைன் முழுக்கப் புதுப் பிரேக் ஆயில் விட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன், பேசினில் மிதக்காமல் கரைகிறவரைக்கும் கழுவினேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன், எடை போடும்போது தராசைத் தட்டினதைச் சொன்னேன், மகன்மேல் கோபப்பட்டதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. சாமியார் பத்து மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். இதைச் சொல்லியிருந்தால் ஜெபத்தோடு விட்டிருக்கமாட்டார், போய்ச் சலேத்துவிடம் சொல்லு என்றிருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ராத்திரியும் பகலும் யோசித்தாயிற்று. வண்டி மேல் தப்பு இல்லை என்றால் வண்டி பிழைக்கும், என்னைச் சீட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் என் பேர் பிழைக்கும், வண்டி துண்டு துண்டாகும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று. யார் சொன்னது அப்படி? யாரும் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்ட கணக்கு.

முன்பக்கத்துக்கு வந்துவிட்டேன், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தே செய்யலாம், முதுகுக்குப் புண்ணியம். "அமுக்கிப் பிடிங்க" என்கிறேன், திறக்கிறேன், நல்ல சுத்தமாக வருகிறது, கொப்புளமே இல்லை, சந்தோசத்தில் மூட ஒரு நொடி பிந்துகிறது, மேலே அவர் காலை எடுத்துவிட்டார். உர்ர் என்று டியூப்பில் இருந்தது எல்லாம் காற்றோடு உள்ளே போகிறது. "எடுத்திட்டியளா? நான் மூடலையே, யாரு எடுக்கச் சொன்னா?" "மூடிட்டேன்னு சொன்னியே." "எங்க சொன்னேன்?" "சொன்ன மாதிரி இருந்துச்சு." "சொன்ன மாதிரி இருந்துச்சா! ஒங்களுக்குக் காலுதான் மரத்துப் போச்சுன்னு பாத்தா காதுமா?" சொல்லியிருக்கக் கூடாது. கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்தச் சீட்டில் இருந்து பெடலை மட்டும் அமுக்கிவிட்டு எங்கேயும் போகாமல் இருக்கிற டிரைவர். பிறகு அவராகவே, "தப்பு என் மேலதான், கால் வலிச்சிச்சு, எடுத்திட்டேன். திரும்ப முதல்ல இருந்து செய்வோம்" என்கிறார். அவ்வளவு லேசாகச் சொல்கிறார். தப்பு என் மேலதான். வாயிலிருந்து வருகிறது, விழுகிறது, யாரும் சாகவில்லை. ஆம்பளைகளுக்கு எப்படி இவ்வளவு லேசாக வருகிறது? வரும், வராமல் என்ன, அவர்கள் தப்புக்கு யார் எதைப் பிடுங்கினார்கள்? எங்களுக்குக் கலியாணம் ஆன மறுவருசம் இவர் சீமை ஓடு ஏற்றின லாரியைத் தூக்கக் கலக்கத்தில் வாய்க்காலில் இறக்கினார், கிளீனருக்கு ரெண்டு காலும் முறிந்தது, ஓடு எல்லாம் தூள். ஊரே வந்து பார்த்தது. "பாவம், மனுசனுக்குத் தூக்கம் வராதா" என்றார்கள். நானும் சொன்னேன். பத்தே நாளில் புது லாரியில் ஏறினார், முதலாளி தேங்காய் உடைத்து அனுப்பினான். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருசம் ஓட்டினார். தொம்மை இனி ஓட்டக் கூடாது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், சொன்னதா? அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் ரெண்டில் ஒன்று? வண்டியும் வேணும், சீட்டும் வேணும், தப்பும் என்னுடையதே. மூணையும் நான் வைத்துக்கொள்கிறேன், என்ன செய்துவிடுவார்கள்? இப்படி நினைக்கும்போது நெஞ்சு தைரியமாக இருக்கிறது, ஆனால் சலேத்து முகம் வருகிறது, கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டிருக்கிற சலேத்து, அந்த இடத்தில் தைரியம் சிக்கிக்கொள்கிறது. ரெக்சனிடம் சொல்லிவிடலாம். இவரிடமும் சொல்லிவிடலாம். சலேத்துவிடம் எந்த வாயால் சொல்ல? சீனிக் குழம்புக் கதையின் முடிவைக்கூட அவள் எனக்கு இன்னும் சொல்லவில்லை. "அமுக்குங்க, மெதுவா, நான் மூடிட்டு ஒங்க முட்டியில தட்டுவேன், தட்டினாத்தான் எடுக்கணும்." "சரிங்க மேஸ்திரி" என்கிறார். கோபம் போய்விட்டது. தட்டுகிறேன், எடுக்கிறார். தட்டுகிறேன், எடுக்கிறார். கடைசிச் சக்கரமும் முடிந்தது, கழற்றினதை மாட்டி நட்டை முறுக்கி ஜாக்கியை இறக்குகிறேன். அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறி அமுக்கிப் பார்க்கிறேன். ஒரு விரற்கடை இறங்கி நிற்கிறது பெடல், பாறை மாதிரி. எடுத்து மறுபடி அமுக்குகிறேன். பாறை. எனக்குக் கண் கலங்குகிறது, பிரேக் ஆயில் கையால் துடைக்கக்கூடாது, எரியும், தோளில் துடைத்துக்கொள்கிறேன்.

கோவில் மணி அடிக்கவும் ரெக்சன் பைக்கில் வந்து இறங்குகிறான், பின்னால் காயலான் கடை ஆள், சிவப்புச் சட்டை, வந்ததும் வராததுமாக வண்டியை விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறார், தர்ப்பூசணி தட்டுகிற மாதிரி. "அடியில புதுத் தகடா இருக்கே?" என்கிறார். "எங்கம்மா வச்சது" என்கிறான் ரெக்சன், அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது, என் பிள்ளை கெட்டவன் இல்லை, அம்மா செத்துப்போயிடக் கூடாது என்றுதான் அவன் வண்டியைச் சாகடிக்கப் பார்க்கிறான். "எம்மா, என்னத்துக்கு இந்த வெயில்ல கெடந்து பாடுபடுத? போற வண்டிக்கு." "போகல" என்கிறேன். அப்போது பார்த்துச் சலேத்து வருகிறாள். தோளில் தூளி, மறு கையில் கூடையின் காதைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வருகிறாள், கூடைக்கு அடியில் புழுதியில் கோடு விழுகிறது. "சனிக்கிழமைச் சந்தைட்டி இன்னைக்கு, மூணு வாரமாச் சரக்கு வீட்ல கெடக்கு, வண்டி ஓடுமா ஓடாதா, ஒண்ணு சொல்லு" என்கிறாள். சிவப்புச் சட்டைக்காரர் அவளைப் பார்த்து, "இந்தம்மாதான் அடிபட்டதா?" என்று கேட்கிறார். ரெக்சன், "ஆமா. என்ன செய்ய, பழைய வண்டி" என்கிறான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறான். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், என் தலை ஆடுவதற்குக் காத்துக்கொண்டு. கழுத்து தன்னாலேயே தயாராகிறது, பழகின கழுத்து. நான் அதை நிறுத்துகிறேன். எவ்வளவு கஷ்டம், பாலத்து இறக்கத்தில் வண்டியை நிறுத்துகிற கஷ்டம். "வண்டி மேல தப்பில்ல" என்கிறேன். குரல் யாருடையதோ மாதிரி இருக்கிறது. "நாந்தான். பிரேக் ஆயிலுன்னு நெனச்சு விஞ்சு எண்ணெய ஊத்திட்டேன். ரப்பர் எல்லாம் ஊதிப் போயிருந்துச்சு. அன்னைக்கு மறுநாளே எனக்குத் தெரியும். சலேத்து, ஒன் தோள ஒடிச்சது நாந்தான்ட்டி."

முதலில் பேசியது ரெக்சன். "அப்படின்னா இன்னும் மோசம்லாம்மா? வண்டியில்ல, நீதான் ஓட்டக் கூடாது" என்கிறான். எதிர்பார்த்ததுதான். "ஏம்ல? ஒங்கப்பா லாரிய வாய்க்கால்ல விட்டப்போ அவர ஓட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்? ஒனக்கு அவரு ஓட்டித்தான்ல சோறு போட்டாரு." "அது வேறம்மா." "என்ன வேற? சொல்லு. சொல்லிட்டு வண்டியக் கொண்டு போ." அவன் அப்பாவைப் பார்க்கிறான். இவர் வண்டியில் சாய்ந்து நிற்கிறார், முகம் கறுத்துவிட்டது. "மூணு வாரம்" என்கிறார், "ஒரே வீட்ல, ஒரே பாயில. காலைல இருந்து என்னய வச்சுப் பெடல அமுக்கச் சொல்லிட்டு, நான் வாயத் தொறந்து கேட்டதுக்கு வேட்டி சட்டைன்னு பதில் சொல்லுதா. ஏ ரெக்சா, ஒங்கம்மாட்ட எனக்குப் பேச்சில்ல, சொல்லிரு." சிவப்புச் சட்டைக்காரர் பேப்பரையும் பேனாவையும் மெதுவாக நீட்டுகிறார். இவர் அந்தப் பேனாவைப் பார்க்கிறார், "தப்புச் செய்யாத வண்டிக்கு நான் எதுக்குய்யா கையெழுத்துப் போடணும்?" என்று அவர்மேல் பாய்கிறார். அப்புறம் மறுபடி மகனிடம், "ஒங்கம்மாட்ட சொல்லு, முன் சக்கரத்து நட்ட வரிசையா முறுக்கி வச்சிருக்கா, எதிரெதிரா முறுக்கச் சொல்லு." ரெக்சன் என்னைப் பார்த்து, "எதிரெதிரா முறுக்கணுமாம்" என்கிறான், அவனுக்குச் சிரிப்பு வருகிறது, அடக்குகிறான். நான் முறுக்குகிறேன். முறுக்கும்போது பின்னால் சத்தம் இல்லை, சலேத்து ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயம். முப்பது வருசத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவள் புருசன் கடலோடு போன அன்றைக்கு மட்டும்தான். கடைசி நட்டை முறுக்கிவிட்டு எழுகிறேன். ஓங்கி ஒரு அறை, நல்லாயிருக்கிற கையால், என் முதுகில். "எளவெடுத்தவளே, பாவி மட்ட, ஒனக்காக அந்த டாக்டரம்மாட்ட நான் சண்ட போட்டேன்ட்டி, என் பிரகாசி நல்லா ஓட்டுவான்னு! ஒன் வண்டிய நான் வஞ்ச வசவென்ன, அது வாயில்லா ஜீவன், அதப் போட்டு வஞ்சேனே!" வைகிறாள், என்னை, என் அம்மாவை, கலர் பாட்டிலைக் கண்டுபிடித்தவனை, எல்லாரையும். நான் நிற்கிறேன். முதுகு காந்துகிறது, மூணு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நிற்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்துகிறாள், கண்ணைத் துடைக்கிறாள், காலால் கூடையை என் பக்கம் தள்ளுகிறாள். "ஏத்து" என்கிறாள். கூடையைப் பின்னால் ஏற்றிவிட்டு வந்து அவளுக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறேன். "நான் எதுக்கு ஏறணும்? எனக்கு இன்னொரு தோளும் ஒடியணுமா? நான் பஸ்ஸுல வாரேன். கருவாடு வரட்டும், அதுக்கு ஒடிய எலும்பில்ல. நான் ஏறுறது பொறவு பாப்போம், ஒரு மாசமோ, ஒரு வருசமோ."

சரி. வரட்டும், ஒரு வருசம் ஆகட்டும். சாவியைத் திருப்புகிறேன், வண்டி ஒரு தரம் இருமிவிட்டு எழுந்துகொள்கிறது. ரெக்சன் கதவுக்குப் பக்கத்தில் வந்து, "எம்மா, பாத்து" என்கிறான், ஏறவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சிவப்புச் சட்டைக்காரர் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறார். உப்பளத்து ரோட்டில் சலேத்து முன்னால் நடக்கிறாள், பஸ் நிற்கிற இடம் அரை மைல் இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, முட்டிவலியோடு, ரோட்டுக்கு நடுவில். வேண்டுமென்றேதான் நடுவில். பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கிறது, ரெண்டு பக்கமும் வெள்ளையாகப் பாத்தி, வெயில் கண்ணைக் குத்துகிறது. நான் முந்திப் போகவில்லை. பத்தடி விட்டு அவளுக்குப் பின்னால் மெதுவாகப் போகிறேன், அவள் நின்று சேலையைச் சரி செய்கிறாள், அமுக்குகிறேன், நிற்கிறது. நடக்கிறாள், போகிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அமுக்குகிறேன், நிற்கிறது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, ஒவ்வொரு தடவையும் பாதம் சேற்றைத் தேடிக்கொண்டுதான் இறங்குகிறது, ஒவ்வொரு தடவையும் பாறையில் முட்டுகிறது. எத்தனை தடவை வேணும் இவளுக்கு? நூறா? நூறு தடவை நிறுத்துகிறேன். ஒரு ஹாரன் அடிக்கிறேன். அவள் திரும்பவில்லை. திரும்பாமலே, "செவிடு இல்லட்டி நான். ஹாரன விட்டுட்டு தூரத்தப் பாரு" என்று கத்துகிறாள். பார்த்துக்கொண்டுதான் வருகிறேன் சலேத்து. பத்தடி. நீ நில்லு, நடுரோட்டில் எத்தனை தரம் வேணுமானாலும் நில்லு. அமுக்குகிறேன். நிற்கிறது.